ஒன்பதரை ராத்தல்

யேனாஞ்சாங், ஏழாம் கிணறு, ராத்திரி ஷிப்ட்.
துரைமார் அதை மட் என்றார்கள்.
என் காதில் மட்டு என்றே விழும்.

களிமண், ஐராவதித் தண்ணீர்,
மூட்டை மூட்டையாய் பாரைட்.
கேலனுக்கு ஒன்பதரை ராத்தல் நிற்க வேண்டும்.
அந்தக் கனம்தான் கீழே இருப்பதைக்
கீழேயே உட்காரவைக்கிறது.

அன்று தராசு எட்டே முக்காலில் படுத்துவிட்டது.
ஸ்டோர் கணக்கில் இருநூறு மூட்டை,
கொட்டகையில் நாற்பது, அதிலும் பாதி மணல்.
'ஒன்பதரைன்னு எழுதுடா' என்றார் சந்தியாகு மேஸ்திரி.
எழுதினேன்.
பென்சில் முனைகூட உடையவில்லை.

மூன்றரை மணி.
புனலின் அடியை விரலால் அடைத்தபடி
கோ சான் நியுன் குழியையே பார்த்து நின்றான்.
யாரும் ஊற்றவில்லை.
சேறு இரண்டு விரற்கடை ஏறியிருந்தது,
மேலே உளுந்தளவு குமிழ்கள்.
துரப்பணக் குழாய் சுற்றிக்கொண்டே இருந்தது,
அதற்கு என்ன தெரியும்.

புனல் விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது.
அவன் சக்கரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான்,
நானும் தொங்கினேன்.
அவன் எண்ணினான், தித், ஹ்னித், தோன்;
நான் எண்ணவில்லை,
மாதாவே மாதாவே என்றேன்.
இருபத்தெட்டாம் சுற்றில் வால்வு பிடித்தது.
காலடியில் பலகை இன்னும் நடுங்கியது.

விடிந்ததும் மேஸ்திரி
துரைக்குத் தேநீர் எடுத்துப் போனார்.
ஏட்டைத் திறந்தேன்.
என் ஒன்பதரைமேல் காய்ந்த சேற்று ரேகை.
பக்கத்தில் வாய் திறந்த ஒரு வட்டம்,
பர்மிய எட்டு.
என் எழுத்து அவனுக்குத் தெரியாது.
தராசு தெரியும்.