பதினோராவது டேக்

துய்மா வீதி. மஞ்சள் சுவரோரம்
ஐஸ்பெட்டி கட்டிய என் சைக்கிளோடு
என்னையும் நிறுத்தினார்கள்.
அறுநூறு ரூபாய், மதியம் பிரியாணி.
ஹீரோ குறுக்கே ஓடுவார்,
பயந்து ஒடித்துத் திருப்பணும்,
அவ்வளவுதாண்ணே.

பத்து டேக் நன்றாகத்தான் பயந்தேன்.
பதினொன்றில்
என் பெட்டி ஒழுகிய தண்ணீரிலேயே
என் சக்கரம் வழுக்கியது.
காறை எலும்பு முறிந்தது
எனக்கு மட்டும் கேட்டது.
‘சூப்பர், ஓகே!’
மைக்கில் சொன்னது ஊருக்கே கேட்டது.

ஜிப்மரில் முதுகுக்குக் குறுக்கே
எட்டுப் போட்டுக் கட்டினார்கள்.
ஆறு வாரம்
பிலோமினாதான் சட்டை மாட்டிவிட்டாள்,
ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வசவாக.

படம் வந்தது.
நெல்லித்தோப்பில் இரண்டாம் ஆட்டம்.
நான் விழும் இடத்தில்
கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.
அங்கே,
காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி
ஒரு வயலின்.
பின்னாலேயே மிருதங்கம்.
சைக்கிள் ஒடிந்து வளைய, ஸ்வரமும் வளைந்தது.
பெட்டி வாய்பிளந்து
சங்கரா மீன்கள் ஒவ்வொன்றாய்த் தெருவில் சறுக்க,
ஒரு மீனுக்கு ஒரு வில்லிழுப்பு.
எலும்பு போன இடத்தில்
மிருதங்கம் மூன்று தடவை முத்தாய்ப்பு வைத்தது.

தியேட்டரே சிரித்தது.
பிலோமினா, அந்த பட்டன்காரி,
முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.
நான் மட்டும் என்ன,
எனக்கும் தோள் குலுங்கியது.
வலித்தது. குலுங்கியது.

வெள்ளி தவறாமல் மீன் வாங்கும்
வங்கி கேஷியர் சௌந்தரவல்லி
செதில் சீவி முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்:
அது பழைய கீர்த்தனைங்க. கதனகுதூகலம்.
சண்டைக்குப் போற சந்தோஷம்னு அர்த்தம்.
ஏறும்போது நேராப் போகாது,
தாவும், திரும்பும், விட்டதை எடுக்கும்.
இறங்கும்போதுதான் படிப்படியா,
ஒண்ணும் விடாம.

நான் இறங்கியது அப்படியில்லை, மேடம்.
சொல்லவில்லை. வாலை நறுக்கிக் கொடுத்தேன்.

கடைசியில் ஓடிய பெயர்களில்
நான் இல்லை.
வயலின்காரர் இருந்திருப்பார்,
ஓடிய வேகத்தில் படிக்க முடியவில்லை.

ஐப்பசி மழை பிடித்தால் எலும்பு குடைகிறது.
கூடவே அந்த வயலினும் வந்துவிடுகிறது.
எது முன்னால், எது பின்னால்
பிடிபடவில்லை இன்னும்.

ஐஸ் கம்பெனி வளைவில்
யாரும் குறுக்கே ஓடாதபோதும்
லேசாக ஒடித்துத்தான் திருப்புகிறேன்.
பெட்டிக்கு இப்போது
இரண்டு கயிறு.