துணிவில்லை

சாமான் பட்டியலில்
"துணிவில்லை: இருபது" என்று எழுதியிருந்தேன்.
ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில்
எழுத்துக்கூட்டப் பழகிய மகன் கேட்டான்:
"எதுக்கும்மா துணிவில்லை?"

துணியில் குறையில்லை, கண்ணா.
தலையணை உறைக்கான கோடுபோட்ட துணி,
ஐந்து ராண்ட் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டம்.
குழலுக்குள் கருமருந்தைக் கொட்டி
ஈயக்குண்டுக்கு இதைப் போர்த்திக் கோலால் இறக்க வேண்டும்.
எதைத் தடவி இறக்குவது என்பதுதான்
ஆகஸ்ட் முழுக்க என்னைத் தின்றது.

கார் கிரீஸ் கூடாது, மருந்தோடு சேர்ந்து தாராகும்.
கொழுப்பு உத்தமம் என்கிறார்கள்.
எனக்குத் தெரியாத கொழுப்பா?
டர்பன் சோப்புக் கம்பெனியில்
மூன்றாம் தொட்டியருகே நின்று
மாட்டுக்கொழுப்பின் நிறம் பார்த்துக் கையெழுத்திடுகிறவள் நான்.
புரட்டாசியிலும் இடுகிறேன்.
சம்பளத்துக்குத் தொடுவது வேறு என்று
பெருமாளிடம் ஒருவாறு பேசி வைத்திருக்கிறேன்.
ஆனால் கெட்டிக்கும்போது
இரண்டு கைக்கும் வேலை இருக்கும்;
வில்லையை வாயில் அதக்கிக்கொள்வோம்.
வாயைப் பற்றி அவரிடம் பேசியிருக்கவில்லை.

நல்லெண்ணெயில் குறி சுத்தம்,
ஐந்தாம் சுடலில் கசடு இறுகிக் கோல் பாதியில் நின்றது,
புகையில் இட்லிப்பொடி வாசம் வேறு.
விளக்கெண்ணெய்க்கு என் முழு எடையும் கோல்மேல் ஏற வேண்டியிருந்தது.
நெய்யை எறும்பு கண்டுபிடித்துவிட்டது.
தேங்காயெண்ணெய் மட்டும்
குளிர்ந்த காலைகளில் வெள்ளையாய் உறைந்து
சொன்ன பேச்சுக் கேட்டது.
அதையே டப்பாவில் அடைத்தேன்.

போட்டி, ஹோவிக்கைத் தாண்டி ஒரு பண்ணையில்.
இரண்டாம் சனிக்கிழமை.
மகனின் கணக்குப் பரீட்சைக்காக
பொழுது சாயும்வரை தண்ணீரும் இல்லை என்று வேண்டிக்கொண்ட நாள்.
அன்று பார்த்து மலையிலிருந்து பெர்க் காற்று இறங்கியது,
அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி.
டப்பாவில் இருந்தது எண்ணெயில்லை, குளம்.
மூன்றாம் சுடலில்
கேப் மட்டும் "டக்" என்றது.
துணியிலிருந்து வழிந்த எண்ணெய்
மருந்தைக் குடிக்கவைத்துவிட்டது.

குண்டைத் திருகி இழுத்து வெளியே எடுப்பதற்குள்
பதினோரு நிமிடம் போனது.
பக்கத்து மேசை ஃபானி
தன் டப்பாவை நீட்டினான்.
ஆட்டுக்கொழுப்பு, தேன்மெழுகு.
"வெறும் ஆடுதான், லோஷினி. மாடு இல்லை."
கொழுப்பில் ஜாதி பார்ப்பதாக நினைத்துக்கொண்டான் போல.
நல்ல மனுஷன்.
வேண்டாம் என்று தலையாட்டினேன்.

எண்ணெயே இல்லாவிட்டால் எச்சில் போதும்.
ஒவ்வொரு சுடலுக்கும் குழலைத் துடைத்துவிட்டால்
எச்சிலை மிஞ்சிய மசகு இல்லை என்பாரும் உண்டு.
காய்ந்த வில்லை ஒன்றை நாக்கில் வைத்தேன்.
நாக்கு, வெயிலில் கிடந்த செருப்பு.
துணி நாக்கிலும் அண்ணத்திலும் ஒட்டிக்கொண்டது,
நனையவில்லை.
காய்ந்தபடி இறக்கினால் எரிந்து ஓட்டையாகும்.
நான்கு நிமிடம் பாக்கி.

அப்போதுதான் ஃபானியின் மனைவி ஆன்சி
கரியில் சாசேஜைச் சுருளாகப் போட்டாள்.
அதற்குள் கொத்தமல்லி விதை அடைத்திருப்பார்கள்;
காற்று அதை வறுத்துக்கொண்டு வந்து
என் மூக்கில் கொட்டியது.

என்னைக் கேட்கவில்லை.
தாடையின் இரண்டு பக்கமும் கூசி
வாய் நிறைந்தது.

வில்லை ஊறியது.
குண்டை வைத்தேன், கோல் ஒரே மூச்சில் இறங்கியது.
புகை விலகிய பிறகு
பத்தடி தள்ளிப் புல்லில் அந்தத் துணியைத் தேடி எடுத்தேன்:
நடுவில் சாம்பல்நிறச் சிலுவை,
ஓரம் பிரியவில்லை, ஓட்டை இல்லை.
மருத்துவச் சீட்டைப் படிப்பதுபோல்
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

குண்டு விழுந்த இடம் ஏழாம் வளையம்,
பரிசுக்கு ஆகாது.

வாயில் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.
விழுங்கினால் விரதம் முறியுமா
என்று யாரைக் கேட்பது இங்கே?
திரும்பி நின்று துப்பினேன்.
கொஞ்சம் உள்ளேயும் போயிருக்கும்.