அடிக்கணக்கு

சங்ககிரி ரோட்டில் ரிக் ஆபீசு, மாடி.
ஒரு ஃபேன், ஒரு மேசை, நான்.
சாட் என்றொரு நாட்டை
ரெண்டு வருஷமாய் எழுதிக்கொண்டிருக்கிறேன்
மேலிருந்து கீழாக.

வரைபடத்தில் அதற்குக் கடல் கிடையாது.
பத்துத் தமிழ்நாட்டை உள்ளே திணித்தால்
ஓரத்தில் கொஞ்சம்தான் பிதுங்கும்.
எனக்கோ அது ஆறரை இஞ்ச் அகலம்.

பூபதி ராத்திரி பத்தரைக்குக் கூப்பிடுவான்.
அங்கே அப்போதுதான் மணி ஆறு,
பொழுது சாய்கிற நேரம்.
பின்னால் கம்ப்ரசர் இரைய இரையச் சொல்வான்:
"எழுதிக்கங்க கலாமணிக்கா.
பூச்சியத்துலிருந்து நாப்பது, மணல்.
நாப்பதிலிருந்து அறுபத்தஞ்சு, மஞ்ச மணல்.
அப்புறம் களிமண், பாசி நெறத்துல.
அப்புறம் மறுக்கா மணல்."

ஒரே வார்த்தையை எத்தனை தடவை எழுதுவது?
மாவு மணல், ரவை மணல் என்று
நானாகப் பிரித்துக்கொண்டேன்.
மோகனூரில் லாரி லாரியாய் ஆறு போனதைப்
பார்த்த கண்ணுக்கு
இவ்வளவு மணல் சும்மா கிடப்பது
நம்ப முடியவில்லை.

பாறைக்கென்று பிறந்த வண்டி அங்கே திணறியது.
குழி போடப் போட மூடிக்கொண்டது.
நாலு ராடு உள்ளேயே போயிற்று.
நட்டக் கணக்கில் எழுதினேன்.
பாலைவனம் விழுங்கியது என்றா எழுத முடியும்?

தை மாதம் வடக்கே நகர்ந்தார்கள்.
ரோடு கிடையாது, முன்னால் போனவன் டயர்த் தடம்தான் ரோடு;
மத்தியானக் காற்றில் அதுவும் கிடையாது.
ஒருநாள் போட்டோ வந்தது:
தரையெல்லாம் வெள்ளை,
பழனித் திருநீறு கொட்டிப் பரப்பியதுபோல.
"ஏரியா இருந்துச்சாமுங்க. இத்ரிஸ் சொல்றான்.
சுத்துப்பட்டு இருநூறு மைலுக்குத் தண்ணியில்லீங்,
மீன் முள்ளு கெடக்குது."
உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.
சீப்புபோல் இருந்தது.

இன்னொரு போட்டோவில் புல்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
கொழுக்கட்டைப் புல்லேதான்,
இல்லாவிட்டால் அதன் பங்காளி.
எங்கள் கொறங்காட்டில்
மாடு கடித்து மிச்சம் விடுமே, அது.
பக்கத்தில் எருக்கு வேறு.
வேலி மட்டும் காணோம்.
கிளுவை நடாத பூமிக்கு
யார் வரி கட்டுவார்கள்?

இருநூற்றுப் பத்தாவது அடியில் தண்ணீர் வந்தது.
ஒட்டகங்களுக்கு முன்னால்
பையன்கள் ஓடிவந்து நனைவதை வீடியோ எடுத்திருந்தான்.
"எப்படி இருக்குது தண்ணி?"
"வெதுவெதுங்குது. ஆறாயிரம் வருசத்து மழையாம்,
கீழ படுத்துக் கெடந்துதாம்."
என் நோட்டில் ஆழம் இருக்கிறது,
கேசிங் இருக்கிறது, டீசல் இருக்கிறது.
மழைக்குக் கட்டம் இல்லை.
'இதர' என்பதில் சேர்த்தேன்.

சித்திரையில் எங்கள் காட்டில் போர் போட்டோம்,
எலச்சிபாளையம் தாண்டி.
முதலாளி அடிக்கு எட்டு ரூபாய் குறைத்தார்.
மூணடி செம்மண்.
அதன்கீழ் ஓடைக்கல், வெங்கச்சாங்கல்,
பிறகு கரும்பாறை, கரும்பாறை, கரும்பாறை.
ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
விடிய விடியப் புகைபோலப் பொடி.
விடிந்ததும் பார்த்தால்
பக்கத்துக் காட்டு மரவள்ளி இலையெல்லாம் வெள்ளை.
இத்ரிஸின் ஏரி ஞாபகம் வந்தது.
அங்கே மீன் முள்ளாவது கிடந்தது.
வீட்டுக்காரர் செருப்பை உதறிக்கொண்டு
ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்தார்.

அன்று ராத்திரி பூபதியிடம் சொல்லக்கூடாது என்றிருந்தேன்.
சொல்லிவிட்டேன்.
கொஞ்ச நேரம் கம்ப்ரசர் மட்டும் கேட்டது.
"எத்தனாவது அடியிலக்கா பொடி வெளுத்துச்சு?"
"எண்ணூறு இருக்கும்."
"அங்கயே நிறுத்தியிருக்கோணும்."
"ம்."
"ஆரு ஓட்டுனது?"
"விடு பூபதி."

யாரோ அங்கே அவனைக் கூப்பிட்டார்கள், அவர்கள் பாஷையில்.
என்னவோ பதில் சொன்னான், அதே பாஷையில்.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு,
"செரி, எழுதிக்கங்க.
பூச்சியத்துலிருந்து முப்பது,
மணல்."