பதினோரு விநாடி

பொள்ளாச்சி, பல்லடம் ரோட்டு பேக்கரி.
தேங்காய் பன்னைப் பிய்த்தபடி
மறுபடி ஆரம்பிக்கிறார் நாச்சிமுத்து:
"ரூல்ஸுன்னா ரூல்ஸுங்க.
காசு வாங்கிட்டு வெளியே ஆடுனா
காலேஜு டீம்ல எடமில்லீங்."

"அட போங்," என்கிறான் கதிரேசன்,
நார் மில்லில் லோடு இறக்கிய கையோடு.
"அவனுக்கு பூட்ஸு வாங்கிக் குடுத்துச்சா உங்க ரூல்ஸு?
பைனலுக்கு நாலு நாள் இருக்கறப்ப
அவனைத் தூக்கிப்போட்டா
கோல் ஆரு போடுவா, பிரின்சிபாலா?"

ஒரு வருசத் தடை அதிகம் என்கிறது ஒரு மேசை.
ரெண்டு மேட்ச் போதும் என்கிறது இன்னொன்று.
போன வருசம் ஆள்மாறாட்டம் பண்ணின
ஈரோட்டுக்காரனை என்ன செய்தார்கள்?
டீ ஆறுகிறது.
ஆறின டீக்கும் ஒரு பஞ்சாயத்து.

நான் வாய் திறக்கவில்லை.

கொல்லங்கோட்டில் அந்த ராத்திரி,
மூங்கில் கேலரி, ஆளுக்கு நூறு ரூபாய் டிக்கெட்.
ஏழு பேர் ஆட்டத்தில், வேறொரு பெயரில்,
திருமூர்த்தி இடது காலால் வளைத்ததை
நான்தான் போனில் பிடித்தேன்.
பதினோரு விநாடி.
"நம்மூருப் பையன்" என்று எழுதி
ஸ்டேட்டஸில் போட்டேன்.
அதைத்தான் கமிட்டி மேசையில்
நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்களாம்,
திரையை அவன் பக்கம் திருப்பாமலே.

"எவன்டா போட்டுக் குடுத்தது?"
கதிரேசன் மேசையைத் தட்ட
பப்ஸ் தட்டு குதிக்கிறது.
எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள்.

வாசலில் சைக்கிள் நிற்கிறது.
ஹேண்டில்பாரில் லேஸ் முடிந்த பூட்ஸ் தொங்க,
ஒரு காலை ஊன்றியபடி
உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்கிறான்:
"அண்ணா, அந்த வீடியோ இருந்தா அனுப்புங்ண்ணா.
அந்தக் கோலை நான் இன்னும் பாக்கலீங்."