பாதை ஓடாத ஐந்து நாள்

வட்டமடு வயல்வாடியில்
யானைக்குக் காவல் கிடந்தேன்.
வந்தது யானையில்லை.

எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை.
விடியப்புறம் வயிறு முறுக்கியது,
ராத்திரி தின்ற கீரிமீன் ஆணம் என்றிருந்தேன்.
மறுகா இமை இறங்கியது,
கடைக்கதவு துருவில் சிக்கிச் சிக்கி இறங்குமே, அப்படி.
பாயை உதறிய தவ்பீக் கத்தினான்:
எட்டடி விரியன்!

எட்டடி என்பது பொய்.
மோட்டார் சைக்கிள் வரைக்கும் இருநூறு அடி
எண்ணிக்கொண்டே நடந்தேன்.

அக்கரைப்பற்றில் மருந்தேற்றி
மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள்.
காரைதீவுச் சந்தியில் மூச்சு நின்றது.
வண்டிக்குள் யாரோ ஒருவர்
ரப்பர் பையொன்றைப் பிதுக்கிப் பிதுக்கி
தன் கையால் என்னை மூச்சுவிட்டார்,
கல்லடிப் பாலம் வரைக்கும்.
ஒரு தரம் கை மாற்றினார். தெரிந்தது.
எல்லாம் தெரிந்தது.
நான் உள்ளேதான் இருந்தேன்.

பிறகொரு நாள் டாக்டர் படம் வரைந்து காட்டினா.
நரம்பு தசையைத் தொடுவதில்லையாம்,
நடுவே மயிரிலும் மெல்லிய இடைவெளியாம்,
கட்டளை அதைக் கடந்தால்தான் விரல் மடங்குமாம்.
எனக்குப் படம் தேவைப்படவில்லை.
குருமண்வெளித் துறையில்
பாதை ஓடாத நாளொன்றில்
நெல் மூட்டைகளோடு நின்றிருக்கிறேன்.
அக்கரையில் வாங்குகிறவன் தெரிகிறான்,
கையும் காட்டுகிறான்.
தண்ணீர், நடுவே, சும்மா கிடக்கிறது.

கையைத் தூக்கு என்றேன். துறையில் நின்றது.
கண்ணைத் திற என்றேன். துறையில் நின்றது.
நெஞ்சே விரி என்றேன்.
இயந்திரம் விரித்தது, தன் கணக்கில்,
நிமிடத்துக்குப் பதினாலு.

ஆனால் என் சொல்லைக் கேட்டே பழகாதவர்கள்
வேலையை விடவில்லை.
குழாயால் இறங்கிய பாலைக்
குடல் மெல்ல மெல்ல நகர்த்தியது.
ஈரல் தன்பாட்டில் எதையோ காய்ச்சியது.
எலும்புக்குள்ளே புது இரத்தம் ஊறியிருக்கும்,
நான் கேட்கவில்லை, அது அவ்வளவு மெதுவானது.
தாடி வளர்ந்தது.
சிறுநீரகம் பையை நிரப்பியது,
மிஸ்ஸி தூக்கிப் பார்த்து
“ஆ, நல்லாப் போகுது” என்றா.
நாற்பத்தாறு வயதில்
ஒரு உத்தியோகத்தர் என்னைப் பாராட்டிய
முதல் காரியம் அது.

இதயமோ துறைப்பக்கமே வரவில்லை.
அதற்குச் சொந்தத் தோணி.
நான் அவசரப்பட்டால் கொஞ்சம் வேகமாய் வலிக்கும்,
புறப்படச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் நாள் மச்சான் வந்தார்.
இமையைத் திறந்து டோர்ச் அடித்த பையன்
கண்மணி அசையவில்லை என்றான்.
மச்சான் பெருமூச்சுவிட்டு,
மௌத்து நெருங்கினால் ஓதுவதை
என் காதருகே ஓதத் தொடங்கினார்.

டேய், நான் இருக்கிறேன்!
துறையில் நின்றது.
நஸீஹா விம்மினாள்.
டேய்!
முகத்தைப் பார்த்தவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.
இரவுக் கடமை கோணேசமூர்த்தி மட்டும்
திரையைப் பார்த்தார்.
எண்பத்திரண்டு, நூற்றிப்பத்து, நூற்றிமுப்பத்தாறு.

“நிப்பாட்டுங்க.
காக்காவுக்குக் கேக்குது.”

அன்றிலிருந்து அவர்
ஊசி போடுமுன் சொல்லிவிட்டுப் போட்டார்.
பின்னிரவில் கதிரை இழுத்துப் போட்டு
மகளுக்குக் கணிதம் வராததைச் சொன்னார்,
கூப்பரேட்டிவ் கடனைச் சொன்னார்.
பதில் சொல்லாத ஆளிடம் சொல்வது சுகம்தான்போல.
பாம்பு கடித்த மனிதன்
இரகசியம் காக்கும் பெட்டியாய்க் கிடந்தேன்.

ஐந்தாம் நாள், அஸருக்குப் பிறகு,
இடது புருவத்துக்கு ஒரு மூட்டை போய்ச் சேர்ந்தது.
ஒன்றே ஒன்று.
நரம்பு நுனி திரும்ப முளைக்கிறது என்றார்கள்.
மூச்சு வந்தது, கழுத்து நின்றது,
கால் வர இன்னும் மூன்று கிழமை.

இப்போதும் வட்டமடுவில்தான் காவல்.
கட்டில் வாங்கிவிட்டேன்,
வலையும்.
வலைக்குள் நுளம்பு வந்துவிடும் ராத்திரிகளில்
உடனே அடிப்பதில்லை.
அது குடித்து முடிக்கும்வரை
அரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு கிடந்துவிட்டு
கையிடம் சொல்கிறேன்.

போகிறது.