ட்ரவுட் கேட்டிருந்தான்

ஆத்தோலுக்கு முழங்கால் அறுவை.
இன்வர்கார்கில் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு
போனில் சொல்லியிருக்கிறான்:
வீட்டுக்கு வரும் அன்று
ஒரு ட்ரவுட் இருந்தால் நன்றாயிருக்கும்.
சொன்னது அவளிடம்.
அவள் என்னிடம் சொன்னாள்.

அவள் கிளெனிஸ், அவனுடைய இப்போதைய மனைவி.
நான் அதற்கு முந்தையவள்,
பதினோரு வருடத்துக்கு.
தூண்டில் போடத் தெரிந்த வேறு பெண் யாரும்
அவளுக்குப் பழக்கமில்லையாம்.
நான் ஏன் சரியென்றேன் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

பால் டேங்கரை டிப்போவில் விட்டுவிட்டு
மட்டாவுரா ஆற்றுக்கு வந்தேன்.
சட்டையில் புளித்த வாடை.
பிப்ரவரி வெளிச்சம் ஒன்பது மணிவரை
வில்லோ மரங்களுக்கடியில் உட்கார்ந்திருந்தது,
கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று சொல்லியே
கிளம்பாத விருந்தாளி போல.

புழுவை அவள் தொடமாட்டாள்.
நான் கோத்தேன், நான் வீசினேன்.
கோர் நகரத்துத் தன் சலூனைப் பற்றி
அவள் பேசிக்கொண்டிருந்தாள்.
தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்,
அவள் முகத்தைப் பார்க்காமலிருக்க
ஒரு ஆறாவது வேண்டியிருந்தது.

இருட்டும் நேரத்தில் கடித்தது ட்ரவுட்.
அரைக் கிலோ இருக்கும்.
சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தேன்,
கரைக்கு இரண்டு முழம் இருக்கையில்
கனத்தது.

மீன் அப்படிக் கனப்பதில்லை.
மாவு மூட்டையின் மறுமுனையை
யாரோ பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்பதுபோல.
இழுத்தேன். இழுபட்டேன்.
பூட்ஸுக்குள் தண்ணீர்.
கிளெனிஸ் பின்னாலிருந்து
என் இடுப்புப் பட்டையைப் பிடித்தாள்.
கை குலுக்கியதுகூட இல்லை நாங்கள், அதுவரை.

டார்ச் அடித்தாள்.
ட்ரவுட்டில் பாதிதான் ட்ரவுட்.
மீதி இன்னொரு வாய்க்குள்.

விலாங்கு.
என் தொடைக் கனம்.
என் தொடையை அறிந்தவர்களுக்கு
அது சின்ன விஷயமில்லை.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு.
எங்களுக்கு இரண்டையும் காட்டவில்லை.
நடுவைக் காட்டியது,
நடு, நடு, இன்னும் நடு,
புல்லில் உருண்டு
தூண்டில் கம்பைச் சுற்றி
நரம்பைச் சுற்றி
டார்ச்சைச் சுற்றி
தன்னையே ஒரு முடிச்சாகப் போட்டு
அந்த முடிச்சுக்குள்ளேயே பின்னோக்கி நுழைந்தது.
ட்ரவுட்டைத் துப்பிவிட்டது.
கொக்கி மட்டும் அதன் உதட்டோரம் நின்றது.

பிடிக்கப் போனேன்.
பிடி என்ற சொல்லே வழுக்கியது.

அப்போதுதான், புழுவைத் தொடாத கிளெனிஸ்
கம்பளிச் சட்டையைக் கழற்றி
அதன்மேல் போட்டு
அப்படியே மண்டியிட்டாள்.
மல்லாத்திப் போட்டதும் அடங்கிவிட்டது.
வெளிர் வயிறு.
தலையோரம் காதுபோல் இரண்டு குட்டித் துடுப்பு.
கைப்பையிலிருந்து கத்தரிக்கோல் எடுத்தாள்,
முடி வெட்டுகிற கத்தரிக்கோல்.

"தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கண்ணு," என்றாள்
சலூன் குரலில்.

நரம்பை வெட்டி
கொக்கியைத் திருகி எடுத்துவிட்டாள்.

இவ்வளவு நீளம் வளர
எழுபது வருடம்கூட ஆகுமென்று
எங்கேயோ கேட்டதைச் சொன்னேன்.
"ஆத்தோலைவிட மூத்தது," என்றாள்.
"முழங்காலும் கிடையாது."

நான் சிரித்ததில்
மறுகரையில் மாடுகள் எழுந்து நின்றன.

சட்டையை விலக்கினோம்.
அவசரப்படவில்லை அது.
ஈரப் புல்லில் வளைந்து வளைந்து
எந்தப் பக்கம் ஆறு என்று
யாரையும் கேட்காமல் போய்
இறங்கிக்கொண்டது.
கடிபட்ட ட்ரவுட்டையும்
அதன் பின்னாலேயே எறிந்தோம்.
அதுதான் முறையென்று பட்டது.

புதுக் கொக்கி கட்டி வீசினோம்.
இரண்டாவதும் விலாங்கு.
மூன்றாவது, ஷூ லேஸ் அளவில்,
அதுவும் விலாங்கு.

போன் அதிர்ந்தது. அவன் பெயர்.
எடுக்கப் பார்த்தாள்.
விரலெல்லாம் பிசின், திரை அசையவில்லை.
என்னிடம் நீட்டினாள்.
என் விரலுக்கும் அசையவில்லை.
புல்லில் வைத்தோம்.
நீல வெளிச்சத்தில் கொஞ்ச நேரம்
அடித்துக்கொண்டே கிடந்தது.

"அந்தப் புழு டப்பா எங்கே?" என்றாள்.