வீட்டு எண் கட்டாயம்

மனாவ்சுக்கும் பினாங்குக்கும்
சரியாகப் பன்னிரண்டு மணி நேரம்.
வேலைக்குச் சேர்ந்த அன்று
கைக்கடிகாரத்தைத் திருத்தப் போனேன்,
தேவைப்படவில்லை.
முட்கள் அங்கேயும் இதே இடத்தில்தான்,
வெயில் மட்டும் ஆள் மாறி நிற்கிறது.

பாயான் லெப்பாஸ், ஏழாவது மாடி.
கம்பெனி வேன் இறக்கிவிட்ட நிமிடத்திலிருந்து
நான் தியாகசீலன் இல்லை, தியாகோ.
பெயரைப் பாதியில் நறுக்கி
ஓர் ஓகாரம் ஒட்டினால் பிரேசில்காரன் என்று
மனிதவளத்தில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள்.
மொழியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்,
பொறுமை மட்டும் என் கணக்கு.

எனக்கு மூன்று நாடுகள்.
கனடா ஒரு பெரிய வீடு,
குடும்பம் மொத்தமும் தெற்குச் சுவரோரம் பாய் விரித்துப் படுத்திருக்கிறது.
எக்ஸ் எழுத்தில் தொடங்கும் அஞ்சல் குறியீடு வந்தால்
சாலையைப் பற்றிப் பேசாதே என்பார் மேற்பார்வையாளர்,
விமானம், பனி விலகினால் கப்பல்.
மெக்சிகோ நகரம் பழைய ஏரியின் மேல் உட்கார்ந்து
வருடாவருடம் கொஞ்சம் இறங்குகிறது.
அங்கிருந்து வரும் புகார்களில் பாதி
தானாகத் திறந்துகொள்ளும் ஃபிரிட்ஜ் கதவுகள்.
பிரேசிலைப் பற்றி ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.
சாவ் பாவ்லோ மாநிலத்தில் மட்டுமே
மலேசியாவைவிட அதிகம் பேர்,
அத்தனை பேருக்கும் வெள்ளிக்கிழமைதான் மோட்டார் நின்றுபோகிறது.

நவம்பரில் ஓர் இராசி வந்தார்.
பெயரைப் பார்த்து நம் ஆள் என்று நினைத்துவிட்டேன்.
கதவு ரப்பர் கிழிந்துவிட்டதாம்,
மீன் ஒரு நாள்கூடத் தாங்கவில்லையாம்.
முகவரி?
*ஆற்றின் மேல். மிதக்கும் பெட்ரோல் நிலையம் தாண்டி மூன்றாவது வீடு.*
வீட்டு எண்?
*தண்ணீர் ஏறினால் வீடு ஏறும்.
இப்போது வற்றிவிட்டது, சேற்றில் சாய்ந்து கிடக்கிறது.
படகு வராது, நான் மணலில் நடந்து வந்து வாங்கிக்கொள்கிறேன்.
எண்ணை எங்கே அடிக்கச் சொல்கிறீர்கள்?*

கண்ணாடிக்கு வெளியே மழை.
சுங்கை நிபோங்கில் முட்டளவு வெள்ளம், மாற்று ஆள் இன்னும் வரவில்லை.
திரையில் சிவப்பு நட்சத்திரம்:
வீட்டு எண் கட்டாயம்.

அதற்கும் கீழே ஒரு கேள்வி, நிறம்.
வெள்ளை, கறுப்பு, பழுப்பு, மஞ்சள், பூர்வகுடி.
பழுப்பு என்றார்.
*என் தங்கைக்கு வேறு கட்டம், ஒரே அம்மாதான்* என்றார்.
*உங்கள் ஊரில் எத்தனை?*
ஊரைச் சொல்லக்கூடாது, விதி.
நான்கு, என்றேன்.
*நான்காவது?*
மற்றவை.
மூன்று புள்ளிகள் நெடுநேரம் துடித்தன.
*எங்களுக்கு அதுதான் பழுப்பு.*

மணி நாலரை, அவருக்கும் நாலரை.
என் அடுக்ககத்தின் எண்ணையே தட்டினேன், 14-3-7.
நட்சத்திரம் அணைந்தது.

ஆறு வாரம் கழித்து
ரெலாவில் என் கதவைத் தட்டினான் டெலிவரி பையன்.
எண்ணைப் பிடித்துக்கொண்ட மென்பொருள்
பணியாளர் கோப்புவரை போய்
அதற்குரிய வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறது.
பெட்டிக்குள் சுருண்ட கறுப்பு வளையம்.
கிள்ளானில் செய்தது.
இந்த மரத்தின் சொந்த ஊர் எது என்று
நான்காம் படிவத்தில் படித்திருக்கிறேன்.
மதிப்பெண் ஒன்று.
என் ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன், சேரவில்லை.

பாயான் பாரு அஞ்சலகத்தில் நீள வரிசை.
முகப்பில் இருந்தவர் சட்டையில் கோமளாதேவி.
படிவத்தைத் திருப்பி, பேனாவால் ஒரு தட்டு:
"வீட்டு நம்பர் போடலியே அண்ணா.
இல்லாட்டி சிஸ்டம் எடுக்காது."

அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் ஒருவர் இருமினார்.
ஆறு, என்றேன்.
6 என்று எழுதிக்கொண்டார்.

எழுபத்தெட்டு வெள்ளி, நாற்பது காசு.
ஜனவரி ஆகிவிட்டது,
அங்கே தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கும்.